சக்கர நாற்காலியிலிருந்து தோட்டம்: பாதை முதலில், கன்று கடைசியில்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வளவு என்றாலே மணல்தான். சக்கர நாற்காலியில் இருக்கிற நான் முதல் வருடம் செய்த பிழை, கன்றுகளை முதலில் வாங்கியது. ஆறு கத்தரிக் கன்றை வேலியோரம் நட்டேன். இரண்டாம் நாளே முன்சக்கரம் புதைந்து, அக்கா வந்து இழுத்தெடுக்கும்வரை வெயிலில் இருந்தேன். அதனால்தான் சொல்கிறேன், முதலில் பாதையைப் போடுங்கள்.

நேர்ப்பாதைக்கு மூன்றடி அகலம் போதும், திரும்புகிற இடத்தில் மட்டும் ஐந்தடி. கொங்கிறீட் போடுவதென்றால் மேற்பரப்பை வழுவழுப்பாக்க வேண்டாம், காயுமுன் தும்புத்தடியால் இழுத்துச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மாரி மழையில் சக்கரமும் வழுக்கும், ஊன்றுகோலும் வழுக்கும்.

அடுத்தது தண்ணீர். பத்து லீற்றர் வாளி பத்துக் கிலோ, அதை மடியில் வைத்து ஓட்ட நினைக்கவே வேண்டாம். பாத்திக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் உயரத்தில் பைப்பை வைத்து ஹோஸ் மாட்டுங்கள். விரல் பலம் குறைந்தவர்களுக்குத் திருகுகிற பைப் சரிவராது, தட்டினால் திறக்கிற வகை நல்லது.

பாத்தியை மேசை மாதிரிச் செய்யலாம். நாற்காலியில் இருந்தபடி உங்கள் முழங்கால் உயரத்தை அளந்து, அதற்கு மேல் நாலு விரல் இடம் விட்டுப் பலகையின் அடி வரட்டும். பெரும்பாலானவர்களுக்கு 70 செ.மீ. அளவில் அமையும். அதன்மேல் 20 செ.மீ. மண். ஒரு பக்கத்திலிருந்துதான் எட்டுவீர்கள் என்றால் அகலம் இரண்டடியைத் தாண்டக் கூடாது. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கட்டாயம், கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். வெறும் மணல் ஈரம் பிடிக்காது, பாரமும் கூட. மக்கிய மாட்டெருவும் தும்புத் தூளும் பாதிக்கு மேல் கலந்து, அடியில் தேங்காய்ப் பொச்சைப் பரப்பினால் இரண்டு குறையும் தீரும். இந்த ஆழத்தில் கீரை நன்றாக வரும். கத்தரி, வெண்டி ஆழம் கேட்கும், அவற்றை உரப் பையில் நிரப்பி, பாதையோரம் கல்லின்மேல் தூக்கி வையுங்கள்.

கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற மாதங்களில் மேசைப் பாத்தி நிலத்தைவிட வேகமாகக் காயும். காய்ந்த இலையால் மண்ணை மூடி, கிடுகால் நிழல் கொடுத்து, காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள்.

மண்வெட்டிப் பிடி, கைக்கரண்டிப் பிடி எல்லாவற்றிலும் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றினால் பிடிமானம் கூடும். குனிய முடியாதவர்கள் விதையை நீளமான பிவிசி பைப் வழியாகக் குழிக்குள் போடலாம்.

இனி உடம்பு. முள்ளந்தண்டுக் காயம் உள்ளவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். காலில் உணர்ச்சி இல்லாததால், வெயிலில் கிடந்த தகரப் பரலில் என் கால் சாய்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை, கொப்புளத்தை இரவில்தான் பார்த்தேன், ஆற ஆறு கிழமை போனது. காலை மூடிக்கொள்ளுங்கள், இரும்புச் சாமானை நிழலில் வையுங்கள், வேலை முடிந்ததும் காலையும் பாதத்தையும் பாருங்கள். காயம் கழுத்துக்கோ நெஞ்சுக்கோ அருகில் என்றால் வேர்வை சரியாக வராது, உடம்புச் சூடு ஏறிவிடும், ஆகவே எட்டரை மணிக்குள் உள்ளே வந்துவிடுங்கள். அழுத்தப் புண் வராமலிருக்கக் கால் மணிக்கொரு தடவை பிட்டத்தைத் தூக்கியோ பக்கம் சாய்ந்தோ இருங்கள், வேலை மும்முரத்தில் இதுதான் முதலில் மறந்துபோகும்.

எல்லாம் ஆயத்தமானதும் பொன்னாங்காணியில் தொடங்குங்கள். சந்தையில் வாங்கிய கீரைக் கட்டிலேயே முற்றின தண்டுகளை எடுத்துக் குத்தினால் போதும், வேர் பிடித்துவிடும். வெட்ட வெட்டத் துளிர்க்கும், குனியவும் தேவையில்லை.