உடற்றொழிலியலை வாட்டிலிருந்து படியுங்கள்

கொழும்பில் டியூட்டியும் பார்த்துக்கொண்டு தாதியத்தில் முதுமாணியும் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. உடற்றொழிலியலை முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக வாசிக்கப் போகாதீர்கள், நைட் முடித்து வந்த தலைக்குள் அது ஏறாது. பெட் ஹெட் டிக்கட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில்) இருக்கும் ஒரு மருந்தைப் பிடித்து, ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே உள்ளே போங்கள்.

சிறுநீரைக் கூட்டும் மருந்தான ஃபுரோசமைட்டையே எடுங்கள். சிறுநீரகக் குழாயில் வருகிற ஹென்லேயின் வளையத்தில், தடித்த ஏறு பகுதியில், சோடியம் மீள உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. மிஞ்சிய சோடியம் சேய்மைக் குழாய்க்கு வந்து அங்கே உள்ளே எடுக்கப்படும்போது பொட்டாசியம் சிறுநீரோடு வெளியே போகிறது, இரத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 3.5 mmol/L-க்குக் கீழே இறங்குவது அப்படித்தான். சரி, அதே ஆளுக்கு டிகொக்சினும் போகிறதா? இதயத் தசையின் சோடியம்–பொட்டாசியம் பம்பில் பொட்டாசியத்தோடு போட்டி போட்டு ஒட்டுகிற மருந்து அது. பொட்டாசியம் குறைந்தால் அதன் பிடி இறுகும், நஞ்சாகும் ஆபத்தும் கூடும்.

இதைக் கொப்பியில் ஒரே பக்கத்தில் அம்புக்குறி போட்டு வரையுங்கள் (நோயாளியின் பெயரோ டிக்கட் இலக்கமோ வேண்டவே வேண்டாம்). அப்புறம் கொப்பியைப் பார்க்காமல் ஜூனியர் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள், எங்கே திக்குகிறீர்களோ அந்தப் பக்கத்தை மட்டும் புத்தகத்தில் திறந்தால் போதும்.