இரண்டு முறை மிதித்தால் நிற்கும் கார்: பழைய வண்டியை ஓட்டும் முன் சோதிப்பது எப்படி?

சேலத்தில் இருக்கும் என் மாமா தம்முடைய காரை ஏற்காட்டுக்கு எடுத்துப்போக எனக்குக் கொடுத்தபோது, சாவியோடு ஓர் அறிவுரையையும் சேர்த்துக் கொடுத்தார். "மாப்ள, பிரேக்கு மொத மிதியில கீழ போயிரும். ரெண்டாவது மிதியில கப்புனு புடிச்சுக்கும். பயப்படாத, அது அப்படித்தான்." பதினான்கு ஆண்டுகளாக அந்த வண்டியை ஓட்டுபவர் சொல்கிறார் என்று நானும் தலையாட்டிவிட்டு ஏறினேன். மலையிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து திரும்பியது. முதல் மிதியில் பெடல் தரையைத் தொட்டது. காலை எடுத்து இரண்டாவது முறை வைப்பதற்குள் வண்டி தன் நீளத்துக்கு முன்னே போய்விட்டது. பேருந்து ஓட்டுநர் சுதாரித்து நிறுத்தியதால்தான் அன்று ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் ஓட்டியதிலேயே மிக ஆபத்தான கார் எது என்று அனுபவம் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். வேகமான காரைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. கால் சுற்று சுற்றிய பிறகே திரும்பத் தொடங்கும் ஸ்டியரிங், வளைவில் தானாகத் திறந்துகொள்ளும் கதவு, மழையில் நின்றுவிடும் வைப்பர் என்று ஏதோ ஒரு கோளாற்றைத்தான் சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை உரிமையாளருக்கு முன்பே தெரிந்தவை. தெரிந்து, பழகி, கடைசியில் கோளாறு என்றே தோன்றாமல் போனவை. அதனால் பழைய காரை விலைக்கு வாங்கும்போதும் ஒரு நாள் இரவலாகப் பெறும்போதும், "வண்டியில் ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்பதில் பயனில்லை, "ஒன்றுமில்லை" என்ற பதிலே வரும். "ஓட்டும்போது நான் எதற்காவது பழகிக்கொள்ள வேண்டுமா?" என்று கேளுங்கள். உரிமையாளர் அப்போது மனம் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அவர் சொல்லும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, பிறகு வண்டியைச் சுற்றி வாருங்கள்.

முதலில் குனிந்து பார்க்க வேண்டியது டயர். பட்டன், அதாவது சாலையைப் பற்றும் ரப்பர் மேடுகள், தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. டயரின் வயதைப் பார்க்கும் பழக்கம் குறைவு. டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 3217 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் என்று பொருள். குறைவாக ஓடிய வண்டி என்று பெருமையாகச் சொல்லப்படும் கார்களில்தான் இதை அவசியம் பார்க்க வேண்டும், ஏனென்றால் வீட்டு வாசலில் வெயிலில் நின்றே கிழடான டயரில் பட்டன் புதிதுபோல் இருக்கும், ரப்பரோ இறுகிப்போய் மெல்லிய வெடிப்புகளோடு இருக்கும். ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் கடையில் காட்டிச் சோதிப்பதும், பத்து ஆண்டுகள் ஆனதை எப்படித் தோன்றினாலும் கழற்றிவிடுவதும் டயர் நிறுவனங்கள் பலவும் சொல்லும் கணக்கு. டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். பட்டனின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் குறுக்காக ஓடும் சிறு மேடு பட்டனின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த டயர் முடிந்துவிட்டது.

காற்றழுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரின் வரலாற்றிலேயே மிக ஆபத்தானது என்று பெயர் வாங்கிய ஒரு வண்டியின் கதை இதில் அடங்கியிருக்கிறது. 1960ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் வந்த செவ்ரோலெட் கோர்வேர் காருக்கு எஞ்சின் பின்பக்கம் இருந்தது. பின் சக்கரங்கள் வளைவில் உள்நோக்கி மடங்கக்கூடிய ஊசல் அச்சில் பொருத்தப்பட்டிருந்தன. வால் பக்கம் வழுக்கிச் சுழலாமல் இருக்க, முன் டயர்களுக்கு 15 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு), பின் டயர்களுக்கு 26 பிஎஸ்ஐ என்று நிறுவனம் வகுத்திருந்தது. முன் டயரின் பிடிப்பை வேண்டுமென்றே குறைத்து வண்டியைச் சமன்செய்யும் ஏற்பாடு அது. பெட்ரோல் பங்கில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவாகக் காற்று அடித்தவர்களின் வண்டியில் அந்த ஏற்பாடு அப்படியே கலைந்துபோனது. கோர்வேரைச் சுற்றி எழுந்த விவாதம், 1966இல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறப்பதற்கு ஒரு காரணமாயிற்று. பிறகு 1972இல் அமெரிக்க அரசின் ஆய்வு, அக்காலத்தின் மற்ற கார்களைவிட அது மோசமில்லை என்றும் சொன்னது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். ஆனால் காற்றின் அளவு மாறினாலே குணம் மாறும் வண்டியை அந்த விவரம் அறியாதவர் கையில் கொடுத்ததே குற்றம் என்பது என் கருத்து. 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றபோதும், அவற்றில் பல பொருத்தப்பட்டிருந்த ஃபோர்டு எக்ஸ்புளோரர் காருக்குப் பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ அழுத்தம் போதாது என்பது பெரும் சர்ச்சையாயிற்று. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து சூடேறும். வெயிலும் பாரமும் வேகமும் சேர்ந்தால் அந்தச் சூடே அதைக் கிழித்துவிடும்.

ஆகையால் பங்கில் காற்று அடிப்பவர் "எவ்வளவு சார்?" என்று கேட்டால், வழக்கமான எண் ஒன்றை வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில், முன் பின் சக்கரங்களுக்கும் முழுப் பாரத்துக்கும் தனித்தனியாக எண்கள் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது புறப்பட்ட ஓரிரு கிலோமீட்டருக்குள், அந்த எண்ணுக்குச் சரிசெய்யுங்கள்.

அடுத்து வண்டிக்குள் ஏறுங்கள். எஞ்சினை உடனே இயக்க வேண்டாம். நான்கு பேரின் சீட் பெல்ட்டையும் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்திருக்கிறதா, சட்டென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா என்பது தெரிவதோடு, இன்னொரு உண்மையும் அங்கே வெளிப்படும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எண்ணற்ற கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டியைக் கழுவி, இருக்கை உறையை மாற்றி, வாசனை தெளித்து விற்பவர்கள் உருளைக்குள் சுருண்டிருக்கும் பெல்ட்டின் அடி முனையைக் கழுவுவதில்லை. அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு நீர்க்கோடு தெரிந்தால், கால்மிதிக்கு அடியில் இருக்கும் கம்பளத்தையும் தூக்கிப் பாருங்கள். ஏர்பேகை இயக்கும் மின்னணுப் பெட்டி பெரும்பாலான கார்களில் கியர் கம்பிக்கு அருகே தாழ்வாகத்தான் இருக்கும். தண்ணீர் புகுந்த பெட்டி மோதலின்போது வேலை செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அத்தகைய காரை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம்.

இப்போது சாவியை ஒரு நிலை மட்டும் திருப்புங்கள். ஏர்பேக் உள்ள காரில் அதன் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு, எரியவே இல்லையென்றால் அதைவிடக் கவலைப்பட வேண்டும், விளக்கையே யாரோ துண்டித்திருக்கலாம். ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்ற விதி இந்தியாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் வந்தது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய அடிப்படை மாடல்கள் பலவற்றில் ஏர்பேக் கிடையாது. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு ஐந்து இந்தியக் கார்களை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டபோது ஐந்துமே பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அவற்றில் ஒன்றான வோக்ஸ்வாகன் போலோ, இரண்டு ஏர்பேகுகளுடன் மறுபடி சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. எனவே காரின் பெயரை மட்டும் கேட்காமல் எந்த ஆண்டு, எந்த ரகம் என்று கேட்பது முக்கியம். ஏர்பேக் இருந்தால் சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு, ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்ய நிறுவனம் திரும்ப அழைக்கும் அறிவிப்பு, நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேகுகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் ஆண்டுக்கணக்கில் சீர்கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் வீசியது உலகம் அறிந்தது. நம் கடற்கரை ஊர்களின் காற்றும் அதே வகைதான்.

சாவியில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, சாமி படம் என்று ஒரு கொத்தே தொங்கினால் அதைக் கழற்றி வையுங்கள். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம், சாவிக்கொத்தின் பாரத்தாலும் குலுங்கலாலும் ஓடும்போதே பூட்டு திரும்பி எஞ்சின் அணைந்ததுதான். பவர் ஸ்டியரிங்கும் ஏர்பேகும் அதோடு செயலிழந்தன. கொத்தின் பாரத்தால் பூட்டின் உட்பகுதி தேய்வது எந்தப் பழைய வண்டிக்கும் உண்டு. பெடல்களுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக மேட் போட்டிருந்தால் மேலுள்ளதை எடுத்துவிடுங்கள். ஓட்டுநர் இருக்கையின் அடியில் தண்ணீர் பாட்டில் வைக்காதீர்கள். உருண்டு வந்து பிரேக் பெடலுக்குப் பின்னால் சிக்கிய பாட்டிலை ஓடும் வண்டியில் எடுக்க முடியாது.

பிரேக் சோதனைக்கு மூன்று நிமிடம் போதும். எஞ்சின் அணைந்த நிலையில் பெடலை நான்கைந்து முறை அழுத்தினால் அது கல்போல் இறுகும். அப்படியே மிதித்தபடி எஞ்சினை இயக்கினால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால், மிதியின் விசையைப் பெருக்கும் பூஸ்டர் வேலை செய்யவில்லை. பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்லமெல்லத் தரையை நோக்கிப் போனால், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ கசிவு இருக்கிறது. முதல் மிதியில் தாழ்ந்து, அடுத்தடுத்த மிதியில் உயர்ந்தால் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பின் சக்கரத்தின் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூ மிகவும் தேய்ந்திருக்கலாம். கடைசியாக பானெட்டைத் திறந்து பிரேக் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். காபி நிறத்துக்கு மாறியிருந்தால் மாற்றி வெகுநாளாயிற்று என்று பொருள். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 என்ற ஆயில் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை நம்பியே இறங்கினால் சக்கரத்தருகே ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் வெறுமையாகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று மலையடிவாரத்தில் பலகை வைத்திருப்பது இதனால்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தால் ஆளில்லாத சாலையில் நடை வேகத்தில் தொடங்கி, 20, 40 என்று உயர்த்தி, ஒவ்வொரு வேகத்திலும் ஒருமுறை நேராக நிறுத்திப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, ஸ்டியரிங் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் சும்மா ஆடினாலோ, அதற்கு மேல் வேகம் கூட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். மழை நாள் என்றால் கண்ணாடியில் படியும் ஆவியை ஊதி அகற்றும் விசிறி இயங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் மாமாவின் காரை நானே பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் இடது பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் தட்டி எடுத்தபோது உள்ளே ஷூ முழுவதும் எண்ணெய் பூசியதுபோல் பளபளத்தது. சக்கர சிலிண்டரின் ரப்பர் கிழிந்து பிரேக் ஆயில் நெடுநாளாகக் கசிந்துகொண்டிருந்தது. மாதம் ஒருமுறை ஆயில் ஊற்றிக்கொள்வதாக மாமா அப்போதுதான் சொன்னார். அதுவும் அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. இரு பக்கமும் சிலிண்டரையும் ஷூவையும் மாற்றி, காற்றை எடுத்து, மதியத்துக்குள் வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். வீடு வரை மாமாதான் ஓட்டினார். முதல் மிதியிலேயே வண்டி நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் அவர் கால் இரண்டாவது முறை தானாக எழுந்து மிதித்தது, நாங்கள் இருவரும் முன் கண்ணாடியை நோக்கிச் சாய்ந்தோம்.