கார் டீசல் எஞ்சினை விமானத்தில் மாட்டும்போது எங்கே சொதப்புகிறோம்

சொந்தமாகக் கட்டும் சின்ன விமானத்தில் கார் டீசல் எஞ்சினை மாட்டலாமா என்ற பேச்சைக் கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் எடுத்தால் ஒரு பதில் உடனே வரும். "லாரி எஞ்சினைப் படகுல போட்டு வருஷக்கணக்கா ஓட்டுறோம், விமானத்துக்கு மட்டும் என்னங்க?" கேள்வி நியாயம்தான், படகு எஞ்சினும் மணிக்கணக்கில் ஒரே சுமையில் ஓடுகிறது. ஆனால் அதைக் குளிர வைக்கக் கடலே இருக்கிறது, எடை கூடினால் யாரும் கவலைப்படுவதில்லை, நின்றுபோனால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்துப் படகைக் கூப்பிடலாம்.

டீசலை நினைப்பதில் தப்பில்லை. இங்கே பெட்ரோல் பங்க்குகளில் வருவது இப்போது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், சின்ன விமானங்களில் பரவலாக இருக்கும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதி. வெளிநாட்டில் இது செய்து காட்டப்பட்டதும் கூட. ஜெர்மனியின் தீலெர்ட் நிறுவனம் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரின் டீசலை எடுத்து விமான எஞ்சினாக்கிச் சான்றிதழே வாங்கியது. அதனால் நம்மாட்கள் பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்குப் போய் ஸ்விஃப்ட் காரில் இருந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினைத் தேடுகிறார்கள். நல்ல எஞ்சின், சந்தேகமில்லை. ஆனால் பலரும் காசையும் கவனத்தையும் எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டைப் பிரித்து மெருகேற்றுவதில் கொட்டிவிட்டு, எஞ்சினைச் சுற்றி நாமே சேர்க்கும் சாமான்களை லேத்து பட்டறையின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். வானத்தில் காலை வாரிவிடுவது பெரும்பாலும் அந்தச் சாமான்கள்தான்.

முதலில் எடை. அந்த எஞ்சின் மட்டுமே சுமார் 130 கிலோ, ரேடியேட்டர், இன்டர்கூலர், கியர்பாக்ஸ், தண்ணீர் எல்லாம் அதற்கு மேல். ரோட்டாக்ஸ் 912 அறுபது கிலோ சொச்சம்தான், சக்தியோ 80 அல்லது 100 குதிரைத்திறன். "டீசல் குறைவாகக் குடிக்கும், எரிபொருள் எடையில் ஈடுகட்டிக்கொள்ளலாம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 50 குதிரைத்திறனில் பறந்தால் மணிக்கு இரண்டரை கிலோ மிச்சமாகும். எழுபது கிலோ கூடுதல் எடையை ஈடுகட்ட நிற்காமல் இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும்!

அடுத்தது கியர்பாக்ஸ். இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முழுச் சக்தியான 75 குதிரைத்திறன் 4000 ஆர்பிஎம்மில் வருகிறது, அந்த வேகத்தில் 1.7 மீட்டர் புரொப்பெல்லரை நேரடியாகச் சுற்றினால் நுனி வினாடிக்கு 350 மீட்டரைத் தாண்டிவிடும், அதாவது ஒலியின் வேகம், சத்தம் மட்டும்தான் மிஞ்சும். சரி, 2000 ஆர்பிஎம்மில் நேரடியாகச் சுற்றலாமே என்றால் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு 54 குதிரைத்திறன்தான் கிடைக்கும். ஆக, வேகத்தைக் குறைக்கும் கியர் வேண்டும். இங்கே பட்டறையில் பல்லைக் கச்சிதமாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள், சிக்கல் பல்லில் இல்லை. டீசலில் ஒவ்வொரு வெடிப்பும் சுத்தியல் அடி மாதிரி இறங்கும். நாலு சிலிண்டர் எஞ்சினில் 1500 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 50 முறை அடி விழும். கிராங்க், ஷாஃப்ட், புரொப்பெல்லர் மூன்றும் சேர்ந்து முறுக்கி விட்ட ஸ்பிரிங்போல ஆடக்கூடியவை, அந்த ஆட்டத்தின் வேகமும் அடியின் வேகமும் ஒன்றாகிவிட்டால் கியரில் ஏறும் விசை நீங்கள் கணக்குப் போட்டதைப்போலப் பல மடங்காகும். காரில் இதை விழுங்குவது கனமான ஃப்ளைவீலும் கிளட்ச் தட்டில் இருக்கும் ஸ்பிரிங்குகளும். எடை குறைக்கிறேன் என்று அவற்றைக் கழற்றிவிட்டு, எஞ்சினையும் கியரையும் இணைக்க ஒரு இரும்பு கப்ளிங்கைப் போட்டு இறுக்குவதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை. தீலெர்ட் கூடத் தன் கியர்பாக்ஸில் கிளட்ச் வைத்துத்தான் சமாளித்தது, அப்படியும் ஆரம்பத்தில் 300 மணி நேரத்துக்கு ஒருமுறை கியர்பாக்ஸைக் கழற்றிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நெகிழும் கப்ளிங்கைப் போட்டு அந்த அதிர்வை ஐடில் வேகத்துக்குக் கீழே தள்ளிவிடுவதுதான் வழி. மரப் புரொப்பெல்லரில் ஒழுங்காக ஓடுகிறதே என்று பிறகு உலோகத்துக்கு மாறினால் கணக்கே மாறிவிடும், மறுபடி அளக்க வேண்டும்.

கூலிங்கில் முதல் தவறு, காரின் ரேடியேட்டரை அப்படியே நம்புவது. ஈசிஆரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு 10, 15 குதிரைத்திறன் போதும், மீதி சும்மா கிடக்கிறது. விமானம் மேலேறும்போது முழுச் சக்தியும் வேண்டும், காற்று வேகமோ அப்போதுதான் குறைவு. காற்று உள்ளே வர ஓட்டை போட்டுவிட்டு, சூடான காற்று வெளியே போக வழி வைக்காதவர்கள் நிறைய.

மின்சாரத்துக்கு வருவோம். பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் ஒருமுறை ஓடத் தொடங்கினால் பேட்டரியைக் கேட்காது. டீசல் பீய்ச்சுவதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இன்றைய காமன் ரெயில் அப்படியில்லை, இசியூ என்ற அந்தக் கம்ப்யூட்டருக்கு வோல்டேஜ் ஒரு நொடி சரிந்தால் போதும், எஞ்சின் நின்றுவிடும். 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்பையரில் இரண்டு தீலெர்ட் எஞ்சின்கள் பூட்டிய டைமண்ட் டிஏ42, பேட்டரி செத்திருந்ததால் வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்து கிளம்பியது. சக்கரத்தை உள்ளே இழுத்ததும் வோல்டேஜ் இறங்கி, இரண்டு எஞ்சினும் ஒன்றாக நின்றன. சான்றிதழ் பெற்ற விமானத்துக்கே இந்த கதி. இசியூவுக்கென்று தனி பேட்டரி, தனி வயர் கட்டாயம். இன்னொன்று, காரின் இசியூ ஏதாவது ஒரு சென்சார் பொய் சொன்னால் லிம்ப் மோடு என்ற தற்காப்பு நிலைக்குப் போய்ச் சக்தியைக் குறைத்துவிடும். சாலையில் ஓரங்கட்டிவிடலாம், முந்திரித் தோப்புக்கு மேலே 200 அடியில் முடியாது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் எல்லாம் முறையாக நீக்கப்பட்ட புரோகிராம் இல்லாமல் தொடவே வேண்டாம்.

எரிபொருளில், ரிட்டர்ன் லைனை மறந்துவிடுகிறார்கள். காமன் ரெயில் பம்ப் தேவைக்கு மேல் இழுத்து, மிச்சத்தைச் சூடாகத் திருப்பி அனுப்பும். இடது டேங்கிலிருந்து எடுத்து வலது டேங்குக்குத் திருப்பினால், வலது நிரம்பி வெளியே கொட்டும், இடது காலியாகும். எடுத்த டேங்குக்கே திரும்பும்படி வால்வு வேண்டும். விமான எரிபொருளான ஜெட் ஏ1 போடலாம் என்பவர்கள், அதற்கு டீசல் அளவு வழுவழுப்பு இல்லை என்பதையும், பம்ப் டீசலின் வழுவழுப்பை நம்பித்தான் ஓடுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். இங்கே விற்கும் கோடைக்கால டீசல் குளிரில் மெழுகாகி ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 18 டிகிரி. புதுச்சேரி வெயிலில் சிரிப்பு வரும், பத்தாயிரம் அடியில் வராது.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் சீல் போய் ஆயில் காற்றுப் பாதையில் நுழைந்தால் சாவியைத் திருப்பினாலும் டீசல் நிற்காது, அந்த ஆயிலையே எரித்து ஓடும். காற்றை அடைக்க ஒரு ஃப்ளாப் வையுங்கள்.

சோதனையை அதிகாலையில், பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, வீடியோ எடுத்து முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அக்னி நட்சத்திரத்தில், நடுப்பகலில், புரொப்பெல்லரோடு, கட்டிப்போட்டு, முழுச் சக்தியில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு கப்ளிங்கைப் பிரித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகள் எப்படி இருக்கின்றன என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

கடைசியாக, எல்லாம் கட்டி முடித்த பிறகு விமானங்களுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான டிஜிசிஏவிடம் போவது, இதுவும் ஒரு தவறு. மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்கு 2017இல் பதிவு கிடைப்பதற்குள் பல வருடங்கள் ஓடிவிட்டன. எஞ்சின் வாங்குவதற்கு முன்பே டிஜிசிஏவின் சென்னை அலுவலகத்தில் என்ன கேட்பார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வெல்டிங்கை மூடுவதற்கு முன் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். மூடிய பெட்டியைப் பிரித்துக் காட்டு என்று பிறகு கேட்டால் வேலை இரட்டிப்பு.