அப்பா பெயரில் கார், மகன் பெயரில் இன்சூரன்ஸ்: வீட்டுக்கு வீடு நடக்கும் தவறுகள்

"வண்டி யாரு பேர்லண்ணே இருக்கு?"

காளவாசல் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் கேட்ட முதல் கேள்வி இது. கப்பலூர் அருகே சென்டர் மீடியனில் ஏறி பானெட் மடங்கிப்போன காரை அவர் அதுவரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மச்சானிடம் ஆர்சியையும் (வண்டிப் பதிவுச் சான்று) பாலிசியையும் வாங்கி, கார் கூரைமேல் அருகருகே வைத்தார். ஆர்சியில் என் மாமனார் பெயர். பாலிசியில் மச்சான் பெயர். பேனா முனையை முதலில் இந்தப் பெயர்மேல் வைத்தார், பிறகு அந்தப் பெயர்மேல்.

"அவரு எங்கப்பாதாங்க. வண்டிய எனக்குக் குடுத்து ரெண்டு வருசமாச்சு."

"புரியுதுண்ணே. ஆனா கம்பெனி ஒத்துக்காது."

ஒத்துக்கொள்ளவில்லை. 86,000 ரூபாய் பில்லை மச்சான்தான் கட்டினார்.

ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. ஆன்லைனில் ரின்யூவல் பண்ணும்போது பெயர் கேட்ட இடத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டார். நான்தானே ஓட்டுகிறேன், நான்தானே பணம் கட்டுகிறேன் என்ற நினைப்பு. ஓட்டுபவர் பெயரில்தான் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அமெரிக்கா, இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அங்கே ஓட்டுபவர் பெயரையும் பாலிசியில் சேர்க்கிற வழக்கம் உண்டு. நம் நாட்டில் பாலிசி வண்டியையும் அதன் உரிமையாளரையும் சேர்ந்தது. வண்டி சேதமானால் சட்டப்படி நஷ்டம் யாருக்கோ, அவர்தான் அதைக் காப்பீடு செய்ய முடியும். ஆர்சியில் அப்பா பெயர் இருந்தால் பாலிசியிலும் அப்பா பெயர்தான். பணத்தை மகன் கட்டலாம், மருமகள் கட்டலாம், அதில் சிக்கல் இல்லை. உரிமையாளர் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் யார் ஓட்டினாலும் அந்த பாலிசி செல்லும். மகன் ஓட்டுகிறான் என்பதற்காகப் பெயரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

இதில் நம் ஊர் இனிஷியல் ஒரு தனித் தலைவலி. ஆர்சியில் இனிஷியல் பின்னால் இருக்கும், பாலிசியில் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், கிளெய்ம் பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆர்சியில் எப்படி இருக்கிறதோ அப்படியே பாலிசியிலும் திருத்தித் தரச் சொல்லி இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பரையும் அப்படியே ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, அப்பா நிஜமாகவே காரை மகனுக்குக் கொடுத்துவிட்டார் என்றால்? வாயால் கொடுத்தால் போதாது. ஃபார்ம் 29, 30 கொடுத்து ஆர்டிஓ ஆபீசில் பெயர் மாற்ற வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் பேங்கின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) வேண்டும். "நமக்குள்ளதானே, மெதுவாப் பாத்துக்கலாம்" என்று விட்ட வண்டி யார்மேலாவது மோதினால், கோர்ட் தேடுவது ஆர்சியில் உள்ள பெயரைத்தான். பெயர் மாறாதவரை பதிவில் உள்ளவர்தான் உரிமையாளர், பொறுப்பும் அவருடையதே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மகன் செய்த விபத்துக்கு எழுபது வயது அப்பா படியேறி நிற்கிற நிலைமையை யாருக்கும் வைக்கக் கூடாது.

ஆர்சியில் பெயர் மாறியதும் அடுத்த வேலை பாலிசி. உரிமை மாறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் கம்பெனியில் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆவது பிரிவின்படி தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பகுதி, தானாகவே புது உரிமையாளருக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிச் சேதத்துக்கான பகுதி, அப்படி வராது. இதைத் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்பாவின் நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியும், கூட வராது. அது காருக்குச் சேர்ந்ததல்ல, ஆளுக்குச் சேர்ந்தது. கிளெய்மே வாங்காமல் அப்பா 50 சதவீதம் வரை ஏற்றி வைத்திருந்தாலும், மகன் பெயருக்கு மாறும்போது மகன் கணக்கு பூஜ்யத்தில்தான் தொடங்கும். அப்பா அதற்குச் சான்று வாங்கி வைத்துக்கொண்டால் 3 வருடத்துக்குள் தன் பெயரில் எடுக்கும் வேறு காருக்குப் பயன்படுத்தலாம். அந்த போனஸைத் தன்னுடையது என்று மகன் காட்டினால், கிளெய்ம் வரும்போது அதுவே பொய்த் தகவல் ஆகிவிடும்.

உரிமையாளர் இறந்துபோனால் கதை வேறு. வருத்தத்தில் இருக்கிற வீட்டில் இதைப் பேசவே யாருக்கும் மனசு வராது, அதனால்தான் தவறு அதிகமாக இங்கே நடக்கிறது. என் பெரியப்பா காரின் டேஷ்போர்டைத் திறந்தபோது அவர் துடைக்கும் மஞ்சள் துணி, மடித்து வைத்த பெட்ரோல் பில்கள், அடியில் லேமினேட் செய்த ஆர்சி. காரியம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதுவரை எல்லோரும் அதே வண்டியில்தான் மேலூருக்கும் மதுரைக்கும் போய் வந்துகொண்டிருந்தோம்.

விதி இதுதான்: இறந்த 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல் கொடுத்தால், வாரிசு 3 மாதம் வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் ஃபார்ம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். பாலிசியும் இறந்த நாளிலிருந்து 3 மாதம் அல்லது அதன் முடிவுத் தேதி, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் உயிரோடு இருக்கும். இறப்புச் சான்றிதழ் கிடைத்த கையோடு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தாலுகா ஆபீசில் விசாரித்துக் கொடுக்க நாள் பிடிக்கும். மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

இறந்தவர் பெயரிலேயே ரின்யூவல் செய்வது எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஜிபேயில் பணம் போய்விடும், பாலிசி பிடிஎஃப்பும் வந்துவிடும். ஆனால் இல்லாத மனிதரோடு ஒப்பந்தம் போட முடியாது, கிளெய்ம் போனால் நிற்காது. இன்னொரு விஷயமும் கை நழுவும். போனஸ் ஆளுக்குச் சேர்ந்தது என்றேன் அல்லவா? குடும்பத்துக்குள் இந்த ஒரு சூழ்நிலையில் மட்டும் விதிவிலக்கு உண்டு. கார் மனைவிக்கோ கணவருக்கோ, பிள்ளைகளுக்கோ, பெற்றோருக்கோ போனால் இறந்தவரின் போனஸை அவர்களுக்கு மாற்றிக் கொடுப்பார்கள். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் பாதி வரை குறைகிற விஷயம் இது. வாய் திறந்து கேட்க வேண்டும்.

அடுத்தது என்னை அதிகம் உறுத்துவது. பாலிசியில் சேர்ந்து வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்சியில் பெயர் உள்ள, லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்கு மட்டும்தான். மனைவி பெயரில் கார் வாங்கியிருப்பார்கள், அந்த அம்மாவுக்கு லைசென்ஸே இருக்காது, தினமும் ஓட்டுவது கணவர். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த 15 லட்சம் வராது. தேர்ட் பார்ட்டியிலும் கேட்க முடியாது. உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளர் இடத்தில் நிற்கிறார், அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்பது 2009-இலும் 2020-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. மோதிய எதிர் வண்டிமேல் தவறு இருந்தால் அந்த வண்டியிடம் கேட்கலாம். புளியமரத்தில் தானே மோதினால் யாரிடம் கேட்பது? அதனால் அப்பா கார், மனைவி கார் எதை ஓட்டுபவராக இருந்தாலும் சொந்தப் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள். கூட உட்காரும் குடும்பத்தினருக்காக, வெறும் தேர்ட் பார்ட்டியோடு நிறுத்தாமல், ஓன் டேமேஜும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியாக எடுங்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுக் காருக்கு 2018 செப்டம்பரிலிருந்து தேர்ட் பார்ட்டி 3 வருடத்துக்குச் சேர்த்து வருகிறது. அதைப் பார்த்து "மூணு வருசத்துக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு" என்று இருந்துவிடாதீர்கள், ஓன் டேமேஜ் முதல் வருடத்தோடு முடிந்திருக்கலாம். சித்திரைத் திருவிழா நேரத்தில் தெரிந்தவர்களுக்கு ஓன் போர்டு (சொந்த உபயோக) வண்டியை வாடகைக்கு விட்டால் கிளெய்ம் கிடைக்காமல் போகலாம். பதினெட்டு ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுத்து விபத்தானால், பெற்றோருக்கோ வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் சட்டத்தில் உண்டு.

மச்சான் இப்போது ஆர்சியைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டார். புது ஆர்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பியவரிடம், "மாப்ள, பாலிசி?" என்று கேட்டேன். ஒன்பதாவது நாள் அதுவும் வந்தது. இரண்டிலும் ஒரே பெயர், ஒரே இனிஷியல்.