ஆரம்பக் கர்ப்பத்தில் இரத்தப்போக்கு: ஸ்கேனில் எதை முதலில் தேடுவது?

மலையக வைத்தியசாலை ஒன்றில் புதிதாகச் சேர்ந்து, ஸ்கேன் கருவியை இப்போதுதான் கையில் பிடிக்கும் வைத்தியர்களுக்காக இதை எழுதுகிறேன். இரத்தம் படுகிறது என்று வரும் பெண் "புள்ள உயிரோட இருக்கா டொக்டர்?" என்றுதான் கேட்பார். நீங்கள் அதற்கு முன் ஒன்றைத் தேட வேண்டும்: கரு எங்கே தங்கியிருக்கிறது?

படி 1: தொடுவதற்கு முன்

நாடியும் இரத்த அழுத்தமும் பாருங்கள். முகம் வெளுத்து, தலைசுற்றி, தோள்பட்டையும் வலிக்கிறது என்றால் ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டாம். கெனுலா போட்டு மூத்த வைத்தியரை உடனே கூப்பிடுங்கள். மற்றவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பத்தை உறுதிசெய்யுங்கள். கடைசி மாதவிடாய் திகதி பலருக்கு ஞாபகம் இருக்காது. சம்பளத்துக்கு முந்தியா, பிந்தியா என்று கேட்டுப் பாருங்கள்.

படி 2: எந்த வழி

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். யோனி வழி பார்க்கக் காலியாக இருக்க வேண்டும். இதில் ஏறக்குறைய ஒரு கிழமை முன்னதாகவே எல்லாம் தெரியும். செய்யப்போவதைச் சொல்லிச் சம்மதம் கேளுங்கள், பெண் தாதி ஒருவர் கூட இருக்கட்டும். மாமியாரை வெளியே உட்காரச் சொல்லலாம். பழைய கருச்சிதைவைப் பற்றி அவர் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

படி 3: கருப்பை

கருப்பையை நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை முழுவதும் பாருங்கள். யோனி வழி ஸ்கேனில் சுமார் 5 கிழமையில் கருவைச் சுற்றிய நீர்ப்பை கருவறைக்குள் தெரியும். அதற்குள் மஞ்சள் கருவின் வளையம் 5½ கிழமையளவில், இதயத் துடிப்பு 6 கிழமையளவில். வெறும் நீர்ப்பையை மட்டும் கண்டு நிம்மதியடைய வேண்டாம். கரு கருவறைக்கு வெளியே இருக்கும்போதும் உள்ளே கொஞ்சம் திரவம் தேங்கி அப்படியே காட்டும்.

படி 4: உள்ளே ஒன்றுமில்லை என்றால்

மிக ஆரம்பமாக இருக்கலாம், கலைந்து போயிருக்கலாம், கருவறைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம். இரண்டு சூலகங்களின் பக்கமும், கருவறைக்குப் பின்னாலும் தேடுங்கள். பின்னால் புள்ளி புள்ளியாக மிதக்கும் திரவம் பெரும்பாலும் இரத்தம்தான். அது நிறைய இருந்தால் ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையிலும் தெரியும்.

இங்கேதான் ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹட்டன் டவுனில் இருப்பவரை வலி, மயக்கம் இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பி, 48 மணித்தியாலத்தில் பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்ப ஹோர்மோன்) இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்யலாம். பொகவந்தலாவையில் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் லயத்திலிருந்து வந்தவரை நான் வார்டிலேயே வைத்துக்கொள்வேன். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்தான். ஆனால் இரவு மழையில் மண் சரிந்தால் அதுவும் பாதையில் நிற்கும்.

படி 5: துடிப்பு

எம்-மோடில் (அசைவைக் கோடாகக் காட்டும் முறை) பாருங்கள், டொப்ளர் வேண்டாம். யோனி வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது கூடுதலாக இருந்தும் துடிப்பில்லை, அல்லது நீர்ப்பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. ஆகியும் உள்ளே கரு இல்லை என்றால் கர்ப்பம் நின்றுவிட்டது. அப்போதும் இன்னொருவர் பார்த்து உறுதிசெய்யட்டும். அளவு அதற்குக் குறைவா? குறைந்தது 7 நாள் கழித்து மறுபடி பாருங்கள், அதற்கு முன் வாய் விட வேண்டாம்.

துடிப்பு இருந்து, நீர்ப்பையின் ஓரத்தில் பிறை போல இரத்தக்கட்டு தெரிந்தால் பெரும்பாலும் காத்திருப்பதுதான். கருவறை முழுக்கச் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் என்றால் முத்துப்பிள்ளைக் கர்ப்பமா (நஞ்சுக்கொடித் திசு குமிழிகளாக வளரும் கர்ப்பம்) என்று யோசியுங்கள்.

அப்புறம், இரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ் என்றால் அன்டி-டி ஊசி தேவையா என்று மூத்த வைத்தியரிடம் கேளுங்கள். தாயின் கர்ப்பப் பதிவட்டையில் "ஸ்கேன் பார்த்தது" என்று மட்டும் எழுதாமல் எந்த வழி, எத்தனை மி.மீ., என்ன திகதி என்று எழுதுங்கள். அடுத்த ஸ்கேன் நுவரெலியாவிலோ கண்டியிலோ நடந்தாலும் அந்த வைத்தியர் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.