சென்னையில் சைக்கிளோடு வாழ: வீடு பார்ப்பதில் தொடங்குங்கள்

வாடகை வீடு தேடும்போது எல்லோரும் தண்ணீர் வருமா என்றுதான் முதலில் கேட்பார்கள், நீங்கள் அதோடு சைக்கிளை எங்கே பூட்டி வைப்பது என்றும் கேளுங்கள். மூன்றாவது மாடிக்குத் தினமும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டுமென்றால் ஒரு மாதத்தில் ஓட்டுவதையே விட்டுவிடுவீர்கள்.

அப்புறம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அங்கிருந்து அலுவலகத்துக்கு ஒருமுறை சைக்கிளில் போய்ப் பாருங்கள், அதுவும் ஞாயிறு காலையில் இல்லை, வேலைநாளில் ஒன்பது மணிக்கு. மேப் காட்டும் மெயின் ரோட்டை நம்பாதீர்கள். அதற்கு இணையாக உள்ளே ஓடும் தெருக்கள் பெரும்பாலும் உண்டு, பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், திருவான்மியூர் பக்கம் மரநிழலிலேயே வெகுதூரம் போகலாம். எந்த இடத்தில் பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது, அங்கே சிக்னல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம், ஏனென்றால் ஆபத்து அதிகம் அங்கேதான். ஒரு நல்ல மழைக்கு மறுநாளும் போய்ப் பாருங்கள். தண்ணீர் தேங்கிய தெருவில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

நீண்ட தூரம் ஓட்ட ஆசையா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு சுமார் 20 கி.மீ. ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். சாலை இருட்டாக இருக்கும், அதனால் பின்விளக்கு கட்டாயம், ஹெல்மெட்டும்தான். பாலத்தில் நின்று உப்பங்கழியில் விடிவதைப் பாருங்கள், அவ்வளவு அழகு!