இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் குறித்துக்கொண்டு, அவ்விரு புள்ளிகளும் பூமியின் மையத்தில் உண்டாக்கும் கோணத்தைக் கோள முக்கோணவியல் வாய்பாட்டால் கண்டறிந்து, ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர் எனப் பெருக்கினால், புவிப்பரப்பின் மீதான மிகக் குறுகிய தூரம் கிடைக்கும். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பது நெடுந்தொலைவுகளில் பெரும் பிழையில்தான் முடியும்.

பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால், தூரத்தை 850-ஆல் வகுத்து, ஓடுபாதை நகர்வு, மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றுக்காக அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். 3,400 கிலோமீட்டருக்கு நான்கரை மணி நேரம் ஆகும். நடு அட்சரேகைப் பகுதிகளில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தால், போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. பயணச்சீட்டில் உள்ள புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரங்கள் என்பதால், இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.